விலையைக் கேட்க முந்தி கிணற்றுக் கயிற்றைப் பாருங்கள்

தரகுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என் வீட்டுப் படலையைத் திறந்தால் கேட்பது ஒரே கேள்விதான். "சாச்சி, ஊட்டு வெல இப்பிடி ஏறிக்கொண்டு போகுதே. இது வளத்தியா, வீக்கமா? வீக்கமெண்டா எப்ப வத்தும்?"

நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது. ஆம்பிளைப் பிள்ளை கேட்டால் முக்காட்டை இழுத்துவிட்டு, "அல்லாஹ்தான் அறிவான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். பிறகு தேத்தண்ணி மட்டும் வெளியே வரும், நான் வரமாட்டேன். அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதித் தருகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணல் இல்லை.

காணி உறுதிப் பத்திரம் எழுதுவது, காணி அளப்பது, எல்லை போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத வரவில்லை. நான் விட்ட ஒரு பிழையை எழுதப் போகிறேன். அந்தப் பிழைக்காக ஒரு தாய் நாலு வருஷம் பிள்ளையை விட்டுப் போனாள். நான் போகவில்லை. தரகர் சொல்வது பிழைத்தால் தரகர் ஊரில்தான் இருப்பார். போகிறது வேறு ஆள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சீலைப் பொட்டணத்தோடு. என் மாப்பிள்ளை மௌத்தாகி நான் தனித்த பிறகு மருதமுனையில் நெய்த சீலைகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். சீலையை விரித்துப் பார்க்கிற பெண்கள், விலையைப் பேசிக்கொண்டே, "ராத்தா, என்ட மகளுக்கு ஊடு கட்ட ஒரு வளவு வேணும், எங்கயும் காதில விழுந்தாச் சொல்லுங்க" என்பார்கள். நமது ஊர்களில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்த அன்றைக்கே தாய் கூரையைப் பார்க்கத் தொடங்குவாள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான், பெண் எங்கும் போகமாட்டாள். வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. இது நீங்கள் பிறந்ததில் இருந்து பார்த்த விஷயம்தான். ஆனால் விலையைப் பற்றிக் கதைக்கிற நேரம் மறந்துபோகிறீர்கள். நானும் மறந்தேன்.

அந்த நாளில் ஊரில் ஒரு பெரிய புறோக்கர் இருந்தார். அண்ணன் முறையில் காக்கா என்றே எல்லாரும் சொல்வோம். நல்ல மனிதர், கணீரென்ற குரல். வீடு பெண்கள் பேரில், அவரோ ஆம்பிளை. படலைக்கு அங்கால் போகமுடியாது. ஆகவே என்னைக் கூட்டிப் போவார். அவர் படலையடியில் நின்று ஆண்களோடு கதைப்பார். நான் உள்ளே போய்ப் பெண்களோடு கதைப்பேன். தொழிலை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். "ராத்தா, விக்கிற ஆளிட அவசரத்த வாங்கிற ஆளுக்குச் சொல்லாத. வாங்கிற ஆளிட அவசரத்த விக்கிற ஆளுக்குச் சொல்லாத. ரெண்டு பேரிட அவசரத்தையும் உன்ட வகுத்துக்குள்ள போட்டுப் பூட்டு" என்பார். பெண்கள் முன்னால் நான் கதைப்பேன். ஆண்கள் கூடின இடத்தில் ஒரு சொல் வராது. எனக்காக அவரே கதைத்துவிடுவார். அது எனக்கும் சுகமாக இருந்தது.

சூறாவளி வந்து இரண்டு வருஷம் இருக்கும். சுலைஹா என்று ஒருத்தி, எனக்கு ஐந்தாறு வயது இளையவள். கடலோரமாக இருந்த அவளுடைய சீதன வீட்டைக் காற்றுக் கொண்டுபோனது, வளவைக் கடல் கொண்டுபோனது. மாப்பிள்ளை அதற்கு முன்பே மௌத்து. தங்கச்சி வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி, மகள் நஸீமாவோடு இருந்தாள். நஸீமாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. சுலைஹாவின் வாப்பா விட்டுப்போன நாவிதன்வெளி வயல் பங்கை விற்ற காசு அவள் கையில் இருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையில் ஒரு சின்ன வளவு வந்தது. அவளுடைய காசு அதற்குச் சரியாகக் காணும். ஒரு சதம் மிஞ்சாது, ஒரு சதம் குறையாது.

"வாங்கவா ராத்தா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். ஆறு மாதத்துக்கு முன் அதே வளவு எவ்வளவு மலிவு என்று எனக்குத் தெரியும். சூறாவளிக்குப் பிறகு கூரைத் தகரத்தின் விலை எப்படி ஏறினது என்றும் பார்த்திருந்தேன். தங்கத்தை விற்றுத் தகரம் வாங்கினவர்கள் இருந்தார்கள். ஒரு வருஷம் போக, லொறி லொறியாகத் தகரம் வந்து இறங்க, விலை விழுந்துபோனது. பொறுத்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மனதில் இருந்தது.

"பொறுகா," என்றேன். "தகரம் மாதிரித்தான் இதுவும். வெல வீங்கியிரிக்கி. ஒரு வருஷத்தில வத்தும். அப்ப இதே காசுக்கு ஊட்டோட வாங்கலாம்."

சுலைஹா என்னை நம்பினாள். ஒரு வருஷம் போனது. விலை வற்றவில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் சவூதிக்கோ குவைத்துக்கோ போக, அங்கிருந்து வந்த காசுக்கு முதல் வேலை தங்கச்சிக்கு வளவு, இரண்டாவது வேலை மகளுக்கு வளவு என்று ஆனது. அவளுடைய காசு அதே காசாக இருந்தது. வளவு ஓடிவிட்டது.

நான் விளங்கிக்கொள்ளாதது என்ன என்று பிறகுதான் விளங்கியது. தகரம் லொறியில் வரும். வளவு லொறியில் வராது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஊர். அந்தப் பாயில் இன்னும் எத்தனை பெண் பிள்ளைகளைப் படுக்க வைக்கமுடியும்? விலை ஏறினது காற்றால் இல்லை. ஆளால்.

சுலைஹா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பஸ் நிற்கிற இடத்துக்கு நானும் போனேன். என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. நஸீமாவின் தாவணியைச் சரிபண்ணிவிட்டு, "இவவுக்கு உம்மாட நினைவு வந்தா நீதான் வரோணும்" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நஸீமாவுக்கு எத்தனையோ தரம் உம்மாவின் நினைவு வந்தது. அவள் பெரிய பிள்ளையானபோது தண்ணி வார்த்தது நான். கடிதம் வாசித்துக் காட்டினது நான். அரபு நாட்டு முத்திரை ஒட்டின கடிதங்களில் சுலைஹா ஒவ்வொரு தரமும் கடைசியில் ஒரு வரி எழுதுவாள்: "வளவு வெல என்ன எண்டு ராத்தாவிடம் கேட்டு எழுது மகள்." நஸீமா கேட்பாள். நான் சொல்வேன். அவள் எழுதும்போது பேனையின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து இரண்டு தரம் விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நாலு வருஷம் முடிந்து சுலைஹா வந்தாள். கையில் நல்ல காசு. ஆனால் ஒழுங்கை வளவின் விலை அந்தக் காசுக்கும் ஒரு முழம் முன்னால் நின்றது. நஸீமாவுக்கு ஒரு மாப்பிள்ளை கதைத்திருந்தார்கள். வாத்தியார் பையன், நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் உம்மா நேராகச் சொல்லிவிட்டாள். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி ஊடு எங்க எண்டு காட்டுங்க. எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி, என்னால ஒருத்தனுக்கும் ஊடு கட்ட ஏலா." அவளில் பிழை சொல்ல முடியாது. பெருநாளுக்கு ஒரு மாதமும் இல்லை. குவைத்து வீட்டுக்காரி இன்னொரு பக்கம் கடிதம் போட்டிருந்தாள். விசா கையில் இருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று.

அந்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கமாகப் புது ரோட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் கல்வீடுகள் எழும்பியிருந்தன. வர்ணம் பூசிய சுவர், பூப்போட்ட கிராதி. அந்த வீடுகளின் விலை ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு இரண்டாக ஏறினது. காலையில் முற்பணம் கொடுத்தவன் பின்னேரம் இலாபத்துக்கு விற்ற கதைகள் தேத்தண்ணிக் கடையில் நடந்தன. காக்கா என்னையும் கூட்டிக்கொண்டு சுலைஹாவிடம் வந்தார். படலையடியில் நின்றே சொன்னார்.

"தங்கச்சி, உன்ட காசு ஒழுங்கைக்குக் காணாது, அங்க ஆரும் தவணைக்குத் தரவும் மாட்டாங்க. ஆனா புது ரோட்டு ஊட்டுக்குப் பாதி காணும். பாதியக் குடு, மிச்சத்துக்கு ஆறு மாசத் தவணை. புள்ளைட கலியாணத்த அதில வெச்சு முடி. ஆறு மாசத்தில வெல ஏறிரும். வித்துப்போட்டு ஒழுங்கையில ஊடும் வாங்கலாம், கையில காசும் மிஞ்சும். நீ இனி அரபிக்காரிட சட்டி கழுவப் போகத் தேவல்ல."

"ஏறாட்டி, காக்கா?"

"ஏறாட்டியா?" காக்கா சிரித்தார். "நாலு வருஷமா இறங்கும் இறங்கும் எண்டு சொன்ன ஆக்கள்ற கதியப் பாத்தாய்தானே."

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தினது. சுலைஹா என் முகத்தைப் பார்த்தாள். நான் சீலைப் பொட்டணத்தின் முடிச்சைப் பார்த்தேன். ஒரு தரம் "பொறு" என்று சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரித்தவள் நான். இனி விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று மனதில் நிய்யத்து வைத்திருந்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஒரு பிழை விட்ட தரகர் அடுத்த தரம் விடுகிற பிழை, அதற்கு நேர்மாறானதாக இருக்கும். பொறு என்று சொல்லிச் சுட்டுக்கொண்டவர், அடுத்த தரம் எல்லாரையும் வாங்கு என்பார். அது அறிவு இல்லை, சூடுபட்ட பயம்.

சுலைஹா காக்காவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். கையெழுத்துக்கு முதல் நாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, சீலை விற்கப் போகிற சாட்டில் அந்தப் புது ரோட்டுக்குப் போனேன். பொட்டணத்தின் பாரத்தோடு நடக்கிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் இல்லாத வீட்டுப் படலையைத் தட்டி ஏமாறக்கூடாது. தூரத்தில் இருந்தே வேலிக்கு மேலால் கிணற்றைப் பார்ப்பேன். கயிறு நனைந்திருந்தால் உள்ளே ஒரு பெண் இருக்கிறாள், சீலை பார்ப்பாள். இல்லாவிட்டால் அப்படியே நடப்பேன். பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. அதற்கு இதைவிடப் பெரிய அர்த்தம் இருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

சுலைஹாவுக்குப் பார்த்த வீட்டின் கிணற்றுக் கயிறு கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. கடைக்காரன் சுற்றின சுற்றுக்கூட நேராகவில்லை. வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன் காதில் சிலந்தி வலை. பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அங்கும் காய்ந்த கயிறு. எதிர் வீட்டுக் கிணற்றுக்குக் கயிறே இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு வீட்டில் சட்டி வைக்கிற புகை வந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் சீலையை விரித்துவைத்துக்கொண்டு கேட்டேன்.

"பக்கத்து ஊட்டில ஆரு இரிக்கிற, மகள்?"

"ஆரெண்டு சொல்ல?" என்றாள் அவள். "இந்த வருஷத்தில மட்டும் மூணு பேர் சொந்தக்காரர் எண்டு வந்து திறந்து பாத்துப் போனாங்க. ஒருத்தரும் ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வெக்கல்ல. ராவையில பக்கத்தில ஒரு விளக்கில்லாம எனக்குப் பயமா இரிக்கி ராத்தா. வாங்கிற ஆக்களெல்லாம் விக்கிறதுக்குத்தான் வாங்கிறாங்க. இருக்கிறதுக்கு ஆரும் வாறல்ல."

அவள் சீலை வாங்கவில்லை. நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. திரும்பும்போது ஒழுங்கை வழியாக வந்தேன். ஒழுங்கையிலும் விலை ஏறித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கிணற்றடியும் சேறு. ஒவ்வொரு கயிறும் கறுத்துப்போய்ச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு கிணற்றில் இரண்டு வாளி. விலை ஏறினது இரண்டு இடத்திலும்தான். ஏற்றினது ஒன்றில்லை.

அடுத்த நாள், உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஐயாவின் வீட்டு முன்னறையில் இருந்தோம். அவர் பாண்டிருப்பு ஆள், வயதானவர், அவசரப்படமாட்டார். பெண்கள் இருக்கவென்று ஒரு நீள வாங்கு, அரைத் திரைக்குப் பின்னால். திரைக்கு அந்தப் பக்கம் காக்காவும், வீட்டை விற்கிற, சவூதியில் உழைத்துத் திரும்பின சவூதிக்காரரும், சாட்சிக்கு இரண்டு பேரும். சுலைஹாவின் மடியில் காசுப் பை. நொத்தாரிசு ஐயா உறுதியை வாசித்து முடித்துவிட்டு, "அம்மா, விளங்கினதா? விளங்கினா கையெழுத்து வைக்கலாம்" என்று பேனையை நீட்டினார்.

சுலைஹா எழும்பினாள். நான் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்தேன். பிடித்துவிட்டேனே தவிர, சொல் வரவில்லை.

"என்னகா?" என்றாள் சுலைஹா.

"என்ன ராத்தா?" என்றார் காக்கா திரைக்கு அப்பால் இருந்து. "தண்ணி வேணுமா?"

"அந்தக் கிணத்துக் கயிறு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது இன்னும் நனையல்ல காக்கா."

சாட்சிக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "மழை வந்தா நனையும் ராத்தா" என்றார். சவூதிக்காரர், "புதுக் கயிறு போட்டுத் தாறன், வேணுமெண்டா கப்பியும் சேத்து" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து போகாதா என்று இருந்தது. காக்கா மெதுவாகச் சொன்னார். "ராத்தா, இது ஆம்புளையள் கதைச்சு முடிச்ச கதை."

நொத்தாரிசு ஐயா சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார். "அது என்ன கயிறு எண்டு அம்மா சொல்லட்டும். எனக்கு அவசரம் ஒண்டும் இல்ல."

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. அந்த ரோட்டில் ஒருவரும் தண்ணி அள்ளவில்லை என்றேன். வாங்கினவர்கள் எல்லாரும் அடுத்தவன் வருவான் என்று வாங்கினவர்கள் என்றேன். "அடுத்தவன் வராத நாளைக்கு அந்த ஊட்டுக்கு ஆரு? சுலைஹாட மிச்சப் பாதிய ஆரு குடுக்கிற?" என்றேன்.

சுலைஹா என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் பார்த்தேன்.

"ராத்தா, முதல் ஒருக்காப் பொறு எண்டாய். நான் பொறுத்தன். நாலு வருஷம் போச்சு. என்ட புள்ளைக்கு என்ட முகம் மறந்து போச்சு. இப்பவும் பொறு எண்டா சொல்லுறாய்?"

"இல்லகா," என்றேன். "பொறு எண்டு சொல்லல்ல. வாங்கு. இந்த மாசத்திலேயே வாங்கு. கூடின வெலைக்கே வாங்கு. ஆனா கயிறு நனைஞ்ச இடத்தில வாங்கு. அங்க வெல ஏறினாலும் இறங்கினாலும் உன்ட புள்ள இருப்பா. இந்தப் புது ரோட்டில வெல இறங்கினா ஊடும் இல்ல, நீயும் ஊரில இல்ல."

சுலைஹா பேனையைப் பார்த்தாள். காசுப் பையைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். காக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் கைப்பையில் இருந்து பாஸ்போட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "இத நீ வெச்சிரு. பெருநாளைக்கு முந்தி நனைஞ்ச கயிறோட ஒரு ஊட்டக் காட்டு. காட்டினா இது உன்ட்டயே கிடக்கட்டும். காட்டாட்டி நான் வந்து திரும்ப எடுப்பன். பெருநாள் முடிய மறுகா பிளேன் ஏறுவன்."

அந்தப் பாஸ்போட்டை இரவிலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். ஒழுங்கையில் எந்த வளவைக் கேட்டாலும் அவளுடைய காசு ஒரு முழம் பின்னால் நின்றது. பன்னிரண்டு நாள் நடந்தேன். சீலை ஒன்றும் விற்கவில்லை, பொட்டணத்தை வீட்டிலேயே போட்டுவிட்டேன்.

ஒழுங்கையின் கடைசியில் பாத்தும்மா பெரியம்மா இருந்தாள். அளவான வளவு, நடுவில் கிணறு, கிணற்றுக்கு இந்தப் பக்கம் கல்வீடு, அந்தப் பக்கம் ஆண்மக்கள் இருந்த இரண்டு அறையும் ஒரு குசினியும். நாலு ஆண்மக்கள், ஒரு பெண்ணும் இல்லை. நாலு பேரும் கலியாணம் முடித்து மனைவி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நமது ஊரில் அதுதானே வழக்கம். பெண் பிள்ளை பெறாதவளுக்குக் கடைசியில் வீடு மட்டும் மிஞ்சும். எத்தனை பேர் விலை கேட்டும் அவள் விற்கவில்லை. காக்காவே மூன்று தரம் போய்த் திரும்பினவர்.

"ஊட்ட விக்கச் சொல்லித்தானே வந்திரிக்காய்?" என்று கேட்டாள் நான் உட்கார முந்தியே. "போ. என்ட மையத்து இந்த வாசலாலதான் போகும்."

"ஊடு வேணாம் பெரியம்மா," என்றேன். "கிணத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்."

கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றடியில் வாளி பாதித் தண்ணியோடு இருந்தது. அவளால் முழு வாளி இழுக்க முடிவதில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. கயிறு நனைந்துதான் இருந்தது, ஆனால் வாளிப் பக்கத்து நுனி மட்டும்தான். மெதுமெதுவாக, கை வலிக்க வலிக்க, மேலாக மேலாக அள்ளுகிற கயிறு.

"ஆருக்கு?" என்று கேட்டாள்.

சுலைஹாவின் கதையைச் சொன்னேன். நஸீமாவைச் சொன்னேன். அந்த நேரம் எனக்கு ஒரு சோதனை வந்தது. இரண்டு பேரின் அவசரத்தையும் வயிற்றுக்குள் போட்டுப் பூட்டு என்று காக்கா சொன்னது நினைவு வந்தது. பூட்டவில்லை. பெருநாளைச் சொன்னேன், பாஸ்போட்டைச் சொன்னேன். விற்கிற ஆளிடம் வாங்குகிற ஆளின் கழுத்தை அப்படியே நீட்டிக் கொடுத்தேன். தொழிலில் அது பெரிய பிழை. நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"அந்தப் புள்ள," என்றாள் பாத்தும்மா பெரியம்மா, "எனக்கும் விடிய ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி இழுத்து ஊத்துவாளா?"

"ஊத்துவா."

"நீயா சொல்லுறாய், அவளா?"

நான் ஓடிப்போய் நஸீமாவையே கூட்டி வந்தேன். அவள் வந்து ஒன்றும் கதைக்கவில்லை. வாளியை இறக்கி, முழுசாக நிரப்பி இழுத்து, பெரியம்மாவின் குடத்தில் ஊற்றினாள். கிழவி குடத்தை எட்டிப் பார்த்தாள்.

"வெல என்ன பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஊர் வெல என்னவோ அதான். அரைவாசி வளவுக்கு அரைவாசி வெல. தண்ணி இழுக்கிறதுக்காக வெலயக் குறைக்க நான் என்ன பைத்தியமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அரைவாசிக்குச் சுலைஹாவின் காசு போதுமாக இருந்தது. சுவருக்கு வெள்ளை அடிக்கவும் கொஞ்சம் மிஞ்சியது.

நொத்தாரிசு ஐயா உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கு" என்று எழுதும்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "கயிறு எப்படி அம்மா?"

"நனைஞ்சிரிக்கி ஐயா," என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெருநாளைக்கு நாலு நாள் முந்தி நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையின் காலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணியே ஊற்றினார்கள். சுலைஹா குசினிக்கு மாறிவிட்டாள். மகள் வீட்டில் தாய்க்கு இடம் குசினிதானே.

புது ரோட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெரிய சத்தத்தோடு ஒன்றும் உடையவில்லை. ஒரு வருஷம் அடுத்தவன் வரவில்லை, அவ்வளவுதான். தவணைக்குக் காசு கட்டமுடியாதவர்கள் பாதி விலைக்கும் ஆள் தேடினார்கள். கிராதிகள் துருப்பிடித்தன. ஒழுங்கையிலும் விலை கொஞ்சநாள் அசையாமல் நின்றது. ஆனால் அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் தண்ணி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சுலைஹா விட்ட அந்த வீட்டை வாங்கினது காக்கா. மனைவியின் நகையை விற்று, தன் இளைய மகளுக்கென்று. மற்றவருக்குச் சொன்னதைத் தானும் நம்பின மனிதர். நம்பாமல் சொல்கிறவரை விட்டுவிடலாம். நம்பிச் சொல்கிறவர்தான் நம்மையும் இழுத்துக்கொண்டு போவார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். நான் உள்ளே இருந்து தேத்தண்ணி அனுப்பினேன். குடித்துவிட்டுக் கோப்பையை மதிலில் வைத்தார்.

"ராத்தா," என்றார். அந்தக் கணீர்க் குரல் இல்லை. "அந்தக் கயிறு என்ட கண்ணிலயும் பட்டுத்து. பாத்தன். பாத்துப்போட்டுப் பாக்காத மாதிரி வந்துத்தன்."

நான் வெளியே வந்தேன். முதல் தடவையாக முகத்தை நேரே பார்த்து அவரோடு கதைத்தேன். "நானும் முதல்ல பொறு எண்டு பாக்காமத்தான் சொன்னன் காக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவரை இளக்காரமாக நினைக்காதீர்கள். எனக்கு இந்தத் தொழிலைத் தந்தவர் அவர். அந்த மகளுக்கு ஒழுங்கையில் வளவு பிடித்துக் கொடுத்தது பிறகு நான்தான். தரகு எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது.

நஸீமாவுக்கு முதலாவதும் பெண், இரண்டாவதும் பெண். இரண்டாவது பிறந்து நாற்பது கழிந்த அன்று சுலைஹா என்னிடம் வந்தாள். இருக்கவில்லை, நின்றுகொண்டே கேட்டாள். "ராத்தா, அத எடுத்துத் தா."

அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்குக் கீழே இருந்த பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தேன். அது அவளுடைய பொருள், எனக்கு மறிக்க உரிமை இல்லை. அவள் விரித்துப் படத்தைப் பார்த்தாள். நித்திரை இல்லாத முகம், பயந்த கண். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒழுங்கையில வெல இப்ப என்னகா?" என்று கேட்டாள்.

இந்த முறை குறைக்காமல் உள்ளபடி சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கயிறு?"

"நனைஞ்சிரிக்கி."

பாஸ்போட்டை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தாள். "மூத்தவளுக்கு இப்பதான் மூணு வயசு. அப்ப ஒழுங்கையில இன்னொரு வளவுக்கு இண்டைக்கே காசு சேக்கத் தொடங்குவம்," என்றாள். "எனக்கொரு பொட்டணம் சீலை கட்டித் தா. இஞ்ச இருந்தே தொடங்குவம்."